மூன்றாவது வாளி

எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் மாடிக்கு இரண்டு தொட்டிகள்: மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். மறுசுழற்சியில் அனைவரும் பங்கேற்போம் என்று மேலே பதாகை. நாப்கினை எதில் போடுவது என்று மட்டும் அதில் இல்லை. எழுதக் கூச்சம் போலும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. உறையில் சுற்றி, மக்காத குப்பையோடு போடச் சொல்லின. பாட்டிலும் அட்டையும் கிடக்கிற அதே நீலத் தொட்டியில்.

ரத்தம் பட்ட அட்டையைக் காயலான் கடையில் எடுக்கமாட்டார்கள். ஆகவே தினமும் காலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரான அக்கா அதைக் கொட்டிப் பிரிக்கிறார். "பாட்டில எடுக்கணும்னா அதுக்குள்ளதான கைய விடணும், பாப்பா" என்றார். நாங்கள் போடுவதற்குப் பெயர் பங்கேற்பு. அவர் பிரிப்பதற்குப் பெயர் வேலை.

எங்கள் மாடிப் பெண்கள் காசு போட்டு, குளியலறைக்குத் தனி வாளி வாங்கினோம். 'நாப்கின்' என்று பெரிதாக எழுதினோம். பார்வையாளர்கள் வருவார்கள், அழித்துவிடுங்கள் என்றார் விடுதிக் காப்பாளர். அழிக்கவில்லை. அக்கா சொன்ன குறை வேறு: கையால் மூடியைத் திறக்க எல்லாரும் அருவருப்பார்கள், காலால் மிதித்துத் திறக்கிற வாளிதான் சரி. பசுமைக் குழுவில் இது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அக்காவையும் அழைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். அது அவருக்கு வேலை நேரமாம்.