பின்னலில் ஒட்டிய பஞ்சு

நல்ல கேமரா வாங்கிய பிறகு படம் எடுக்கலாம் என்று காத்திருக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். திருப்பூரில் வாரச் சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதில் ஒரு லென்ஸ்கூட வாங்க முடியாது. அதனால் 'கருவி முக்கியமில்லை, ஆர்வம்தான் முக்கியம்' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். பெரும்பாலும் விலையுயர்ந்த கேமராவைத் தோளில் மாட்டியவர்தான் அதைச் சொல்வார். ஆனாலும் நானும் அதையே நம்புகிறேன். என் காரணம் வேறு.

மூன்று வருடம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். வேலையை விட்டபின் அங்கிருக்கும் பெண்களைச் செல்போனில் படமெடுக்கத் தொடங்கினேன். கம்பெனிக்குள் போனை விடமாட்டார்கள். எனவே டீக்கடை, வேன் நிற்கும் இடம், லைன் வீட்டு வாசல். என் போனில் தூரத்திலிருந்து இழுத்தால் படம் உடைந்துவிடும். பக்கத்தில் போகவேண்டும். போனால் பேசவேண்டும்.

"படம் புடிச்சு என்ன கண்ணு ஆகப்போகுது?" என்று ஓவர்லாக் அக்கா ஒருவர் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரமும் போய் அவருடன் உட்கார்ந்தேன். நான்காம் வாரம், "எடுத்துக்கோ, மூஞ்சி வேண்டாம். சூப்பர்வைசர் பார்த்தா வேலை போயிரும்" என்றார். பின்னால் நின்று, அவர் பின்னலில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தேன். என் தலையிலும் மூன்று வருடம் அது ஒட்டியிருந்ததால் கண்ணில் பட்டது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா 1913இல் பிறந்தவர். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. கையில் கேமரா இருந்தது, பெயர் போடத்தான் இடமில்லை. சேலை கட்டிக்கொண்டு, கனத்த கருவியோடு, ஆண்கள் நிறைந்த கூட்டங்களுக்குள் போய் அந்த இடத்தைப் பிடித்தார்.

நம் காலத்தில் மதுரையின் பழனி குமார். மீன் விற்ற தாயின் மகன். 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். ராமநாதபுரம் பாரதிநகரில் பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்களைப் படமெடுத்தவர். அவருடைய படங்களில் உழைக்கும் பெண்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். எடுப்பவர்மீது நம்பிக்கை இல்லாமல் அந்தப் பார்வை கிடைக்காது.

நான் ஆர்வம் என்று சொல்வது இந்த நம்பிக்கை வரும்வரை திரும்பத் திரும்பப் போவதைத்தான். பெண்ணுக்கு அதற்கும் செலவு உண்டு. ஓவர்டைம் முடியும் நேரத்தில் தெருவில் நிற்கவேண்டும். 'இந்நேரத்துல எங்க போற?' என்ற கேள்விக்கு வீட்டில் தினமும் பதில் சொல்லவேண்டும். கேமரா வாங்கக் கடன் கிடைக்கும். இந்த நேரத்தை யாரும் கடன் தரமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆர்வம் இருக்கிறதே என்று கூலி தராமல் படம் கேட்பவர்கள் உண்டு. பீஸ் ரேட் தெரிந்த ஊர்க்காரி நான். எத்தனை படம், எவ்வளவு பணம், என் பெயர் எங்கே வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். நீங்களும் கேளுங்கள். இருக்கிற போனோடு இன்றைக்கே தொடங்குங்கள். எடுத்த படத்தை அச்சுப் போட்டு, முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.