கதவிடுக்கின் கறுப்பு: பழைய கார்ச் சந்தையில் ஒரு கைவேலை

காரின் கதவைத் திறக்கும்போது மட்டும் கண்ணில்படும் உள்விளிம்பை, அதாவது கதவின் பக்கவாட்டுத் தகடும் அது வந்து பொருந்தும் சட்டமும் சேரும் இடுக்கை, வாட்டர் வாஷ் கடைகளில் 'டோர் ஓரம்' என்றும், கூரையைத் தாங்கும் தூண் அங்கே இருப்பதால் 'பில்லர்' என்றும் சொல்வர். கதவைத் தாங்கும் கீல்களுக்கும், திறந்த கதவைப் பாதியில் நிறுத்தும் 'ஸ்டாப்பர்' பட்டைக்கும் இட்ட கிரீஸ், தெருத் தூசியைப் பிடித்துவைத்து நாளடைவில் கறுத்த களிம்பாக மாறுவது இவ்விடத்தில்தான். பழைய காரை வாங்க வருபவர் முதலில் திறந்து பார்ப்பது கதவையே என்பதால், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காரிலும் இந்தக் களிம்பை அகற்றுவது தனியொரு வேலையாக நிலைத்துவிட்டது.

எண்ணெயைச் சோப்பு வகைப் பொருள் ஒன்றில், பெரும்பாலும் லித்தியம் சோப்பில், தேக்கிவைத்த கலவையே கிரீஸ். அதில் பெரும்பங்கு எண்ணெயாக இருப்பதால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சினால் அது கரைவதில்லை. மாறாக, அழுத்தமான நீர் பூட்டுக்குள்ளும் மின்கம்பி செல்லும் ரப்பர்க் குழாய்க்குள்ளும் புகுந்து புதிய பழுதை உண்டாக்கக்கூடும். மண்ணெண்ணெய் கிரீஸை நொடியில் இளக்கிவிடும் என்றாலும், மழைநீரைத் தடுக்கக் கதவைச் சுற்றி ஒட்டப்படும் 'பீடிங்' என்னும் ரப்பர் விளிம்பில் அது பட்டால் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும்.

சென்னையில் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டையை அடுத்த கடையொன்றில் இவ்வேலையைச் செய்யும் நடுவயதுத் தொழிலாளி நம்பியிருப்பது, தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ் ஒன்றைத்தான். அதன் மயிரைப் பாதியாகக் கத்தரித்து விறைப்பாக்கி, கழுத்தை நெருப்பில் வாட்டி வளைத்திருப்பதால், விரல் நுழையாத கீலின் பின்புறத்துக்கும் அது எட்டுகிறது. சோப்புக் கரைசலில் தோய்த்த பிரஷால் களிம்பை மேலிருந்து கீழாக இளக்கி, திருப்பூர் பின்னலாடை ஆலைகளின் கழிவாக வந்துசேரும் 'பனியன் வேஸ்ட்' துணியால் ஒற்றியெடுக்கும் அவர், துணியின் ஒரு முகத்தை இருமுறை பயன்படுத்துவதில்லை. களிம்பில் கலந்த மணல், அழுக்குத் துணியிலிருந்து திரும்பவும் பெயின்ட்டில் ஏறிக் கீறிவிடும் என்பதே காரணம். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிதுளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுவதும் இதே வேலையில் அடங்கும்; அவை அடைபட்டால் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவுக்குள் தேங்கித் தகடு உள்ளிருந்தே துருவேறும்.

இவ்விடுக்கு காரின் வரலாற்றுச் சான்றாகவும் விளங்குகிறது. கீல் போல்ட்டின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் கதவு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது என்றும், ரப்பரை விலக்கும்போது தகட்டில் வரிசையாகத் தெரியவேண்டிய வெல்டிங் புள்ளிகள் ஒழுங்கற்றிருந்தால் மோதலுக்குப் பின் தூண் சீரமைக்கப்பட்டிருக்கலாம் என்றும், எட்டாத மூலைகளில் வண்டல் படிந்திருந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கலாம் என்றும் அறிந்தவர் ஊகிப்பர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கிய சென்னையில் இந்தக் கடைசி அடையாளம் அற்பமானதன்று. ஆயினும் அந்த வண்டலை முதலில் காண்பவரும், கூலிக்காக அதைத் துடைத்து அழிப்பவரும் ஒருவரே; "என்ன பார்த்தீங்க அண்ணே?" என்று அவரை எந்தத் தரகரும் கேட்பதில்லை, "பளிச்சுன்னு இருக்கணும்" என்பதற்கு மேல் சொல்வதுமில்லை.

பழைய கார் வணிகத்தில் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடைப்பட்ட தொகையை 'மார்ஜின்' என்பர். 2024 டிசம்பரில் கூடிய 55ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டம், பழைய சிறிய கார்களுக்கு 12 விழுக்காடாக இருந்த வரியை 18 விழுக்காடாக உயர்த்த முடிவெடுத்தபோது, பதிவுபெற்ற வணிகர்கள் இந்தத் தொகைக்கே வரி செலுத்த வேண்டும் என்று விளக்கப்பட்டது. அந்த மார்ஜினின் ஒரு பகுதி பிரஷ் பிடித்த கையால் உருவானது என்பதை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை. கார் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படுவதால், கையுறைக்கான செலவும், சோப்புக் கரைசல் பட்டுத் தோல் வறண்டு வெடிப்பதற்கான மருந்துச் செலவும் தொழிலாளியையே சேர்கின்றன. உழைப்பவர் கையில் வெடிப்பையும் இடையில் நிற்பவர் கையில் லாபத்தையும் விட்டுச்செல்லும் சந்தையை, வரி விகிதத்தை மாற்றுவதால் மட்டும் நேராக்கிவிட முடியாது.

முழுவதும் துடைத்துவிட்ட கீல், சில நாட்களிலேயே கிறீச்சிடத் தொடங்கும் என்பதால், கறுப்பை அகற்றியபின் வெள்ளை கிரீஸைக் கடுகளவு எடுத்துக் கீலிலும் ஸ்டாப்பரிலும் மீண்டும் தடவ வேண்டும். தரகருக்குத் தேவைப்படாத இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. ஆயினும் அத்தொழிலாளி அதைத் தவிர்ப்பதில்லை; தடவியபின் கதவை மூன்றுமுறை திறந்து மூடி, காதைச் சாய்த்துக் கேட்டு, ஓசை அடங்கிய பிறகே அடுத்த கதவுக்கு நகர்கிறார்.