அது ஏன் சதுரமா இருக்கு?

பாடம் பாஸாகி ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு ஜூனியர் தம்பி எங்களிட்டக் கேட்ட கேள்வி அது. போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஜெட் எஞ்சினின் டர்பைன் பிளேட் செய்கிற நிக்கல் கலப்புலோகத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த படம். டைல்ஸ் பதித்த நிலம் மாதிரிச் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன. இடையில் ஒடுங்கிய கால்வாய்கள்.

"அண்ணா, இது உலோகத்துக்குள்ள வந்த வீழ்படிவுதானே? தண்ணியில எண்ணெய்த்துளி உருண்டையாத்தானே நிக்கும்? இது ஏன் சதுரமா இருக்கு? ஆர் இதை வரிசையில வைச்சது?"

நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் அந்தப் பாடத்தில் நல்ல பெறுபேறு. மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னோம்: "மிஸ்ஃபிட் ஸ்ட்ரெய்ன்." தம்பி தலையாட்டினான். விளங்கின ஆளின் தலையாட்டல் இல்லை அது. எங்கள் மரியாதையைக் காப்பாற்றிவிட்டான். அன்றிரவு அறைக்கு வந்துதான் ஒத்துக்கொண்டோம், எங்களுக்கே விளங்கேல்ல எண்டு.

உயர்தரம் வரை தமிழில் படித்தவர்கள் நாங்கள். தகைப்பு, விகாரம், சாலகம் எல்லாம் பழகின சொற்கள். கம்பஸுக்கு வந்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறியது. புதுச் சொற்களைப் பாடமாக்கினோம், சோதனையில் கொட்டினோம். இந்த முறை முதலில் இருந்து, தமிழில் தொடங்குவம் எண்டு முடிவெடுத்தோம்.

கதை 1906இல் ஜெர்மனியில் தொடங்குகிறது. அல்ஃபிரெட் வில்ம், செப்பும் மக்னீசியமும் சிறிதளவு சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்தார். சில நாள் கழித்து அளந்தபோது, அது சும்மா கிடந்தே கடினமாகியிருந்தது. காரணம் உடனே பிடிபடவில்லை. 1938இல் பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும், ஒருவரை ஒருவர் சாராமல், இப்படியான கலப்புலோகத்துக்குள் எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். செப்பு அணுக்கள் ஓரிரண்டு அணுத் தடிப்பில் மெல்லிய தட்டுகளாகக் கூடியிருந்தன.

ஏன் தட்டு? செப்பு அணு அலுமினிய அணுவைவிட நூற்றுக்குப் பத்தளவு சிறியது. ஆனாலும் அணு வரிசை அறாமல் அலுமினியத்திலிருந்து செப்புக்குள் தொடர்கிறது. அளவு பொருந்தாத இரண்டை ஒரே வரிசையில் கட்டினால் சாலகம் இழுபட்டு விகாரப்படும். தட்டாக விரிந்தால் அந்த விகாரத்தின் சக்தி குறைகிறது. வெள்ளி அணுவோ கிட்டத்தட்ட அலுமினியத்தின் அளவுதான். அலுமினியத்துக்குள் வெள்ளி கூடினால் உருண்டையாகவே நிற்கிறது. இதை வாசித்தபோதுதான் எங்களில் ஒருத்தன் எழும்பி இருந்தான்: "மச்சான், அப்ப வடிவத்தைத் தீர்மானிக்கிறது பொருத்தமின்மையடா!"

அடுத்தது கணக்கு. ஒரு துணிக்கைக்கு இரண்டு செலவு. ஒன்று மேற்பரப்புச் செலவு. அது ஆரையின் வர்க்கத்தோடு கூடும், உருண்டையாக இருந்தால்தான் குறையும். மற்றது விகாரச் செலவு. அது கனவளவோடு, அதாவது ஆரையின் கனத்தோடு கூடும். ஆரை இரண்டு மடங்கானால் முதலாவது 4 மடங்கு, இரண்டாவது 8 மடங்கு. ஆக, சின்னனாக இருக்கும்வரை மேற்பரப்பு சொன்னபடி உருண்டை. வளர வளர விகாரத்தின் கை ஓங்குகிறது. நிக்கல் கலப்புலோகத்தில் இரண்டு சாலகங்களுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசமே போதும்.

சரி, ஏன் சதுரம்? சாரத்தை நூல் போன போக்கில் இழுத்துப் பாருங்கள், இழுபடாது. மூலைக்கு மூலை இழுத்தால் இழுபடும். பளிங்கும் அப்படித்தான், எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு இல்லை. நிக்கல் பளிங்கு கனசதுரத்தின் விளிம்புத் திசைகளில் மென்மை, மூலைவிட்டத் திசையில் விறைப்பு. வளரும் துணிக்கை தன் முகங்களை அந்த மென்மையான திசைகளைப் பார்த்தபடி அமைத்துக்கொள்கிறது. அப்படிக் கனசதுரமாகிறது. படத்தில் அதன் வெட்டுமுகம் சதுரமாகத் தெரிகிறது.

வரிசைதான் எங்களுக்குக் கடைசியாக விளங்கினது. துணிக்கைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை விகாரப்படுத்தி வைத்திருக்கிறது. ஸ்பொஞ் மெத்தையில் ஒருவர் படுத்தால் மெத்தை பதியும்; பக்கத்தில் படுப்பவர் எங்கே சரிவார் என்பதை அந்தப் பள்ளம் தீர்மானிக்கும். அதே மாதிரி, ஒரு துணிக்கையின் விகாரம் அடுத்ததற்கு எந்த இடம் சுகம் என்று காட்டுகிறது. அந்த இடங்கள் மென்மையான திசைகளின் வழியே வருகின்றன. ஒருவரும் வரிசையில் வைக்கவில்லை. இடையில் இருக்கும் உலோகம்தான் செய்தியைக் காவுகிறது.

அந்த வரிசையும் நிரந்தரம் இல்லை. எஞ்சின் சுழலும்போது பிளேட் நீளவாக்கில் இழுபடுகிறது. 1000 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தில் அணுக்களும் நகரும். இழுவை எல்லாக் கால்வாய்களையும் ஒரே மாதிரிப் பாதிப்பதில்லை. பிளேட்டுக்குப் பயன்படும் கலப்புலோகங்கள் பலவற்றில், இழுவைத் திசையில் ஓடும் கால்வாய்கள் ஒடுங்கி மூடுகின்றன, குறுக்கே ஓடுபவை அகலுகின்றன. பக்கத்துப் பக்கத்துக் கனசதுரங்கள் ஒட்டிப் பலகையாகின்றன. ராஃப்டிங் என்பார்கள், நாங்கள் கொப்பியில் 'தெப்பமாதல்' என்று எழுதினோம். வேலை செய்து முடித்த பிளேட்டை வெட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் சுமந்தது என்பதற்கு அந்தத் தெப்பங்கள் சாட்சி.

பொருந்தாததுதான் பலம் தருகிறது என்று இதைச் சமூகத்துக்கு உவமையாக்க எங்களுக்கும் ஆசை வந்தது. விட்டுவிட்டோம். பொருத்தமின்மை கூடினால் அணு வரிசையே அறுந்துபோகும். அணுவுக்கு வலியில்லை, ஆக்களுக்கு இருக்கு.

அடுத்த கிழமை தம்பியைத் தேடிப் போனோம். "அண்டைக்கு உனக்குச் சொன்னது பதில் இல்லையடா, வெறும் பேர்தான்" என்று தொடங்கி, இரண்டு பக்கத்தில் வரைந்து காட்டினோம். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப இவ்வளவு கிட்ட நிண்டும் முதல்லயே ஏன் எல்லாம் ஒண்டா ஒட்டேல்ல?" என்றான்.

இந்த முறை மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். பிறகு நாலு பேருமாகக் கன்டீனில் இருந்து, எது சரி எண்டு பார்க்கத் தொடங்கினோம்.