கண்ணியும் வளையமும்

மார்ச் 4, செவ்வாய்

புது சாம்பிள். அமெரிக்கக் கல்லூரி ஜாக்கெட்டின் நெஞ்சில் வரும் ஆங்கில ‘ஏ’. ஆறு அங்குல உயரம், சிவப்பு ஃபெல்ட், உள்ளே வெள்ளை செனில், ஓரம் கருப்பு செயின். “துண்டு மாதிரி மெத்துன்னு இருக்கணுங்க்கா” என்கிறான் மெர்ச்சண்டைசர் பையன்.

1865இல் ஹார்வர்டு பேஸ்பால் அணி சட்டையில் ‘எச்’ தைத்துக்கொண்டதிலிருந்து வரும் வழக்கம் இது. முக்கியமான போட்டியில் ஆடியவனுக்குத்தான் எழுத்து சொந்தம் என்பது பிறகு வந்த முறை. நாங்கள் போடும் எழுத்தைக் கடையில் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். ஆடியிருக்க வேண்டியதில்லை.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க பஞ்சிங், அதாவது டிசைனை மெஷினுக்கான தையல் ஃபைலாக மாற்றும் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பழகும் பெண்ணுக்கு மெஷினைக் காட்டித்தான் புரியவைக்க முடிந்தது. சாதாரண எம்பிராய்டரியில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். செனில் தலையில் பாபினே கிடையாது. ஒரே நூல், அதுவும் பலகைக்கு அடியிலிருந்து. கொக்கி ஊசி துணியைக் குத்தி இறங்கும். கீழே லூப்பர் சுற்றி வந்து நூலைக் கொக்கியில் மாட்டிவிடும். ஊசி ஏறும்போது நூல் வளையமாக மேலே வரும்.

இதுவரை செயின், லூப் என்ற இரண்டு செனில் தையலுக்கும் ஒரே வழி. செயினில் ஊசி அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி இறங்கி அடுத்ததை இழுத்து வருகிறது. லூப்பில் கொக்கி வளையத்தை உதறிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அப்படி நின்ற வளையத்தைப் பிடித்திருப்பது ஃபெல்ட்டின் இறுக்கமும் பக்கத்து வளையங்களின் நெருக்கமும்தான்.

“அப்போ செயின்தான் கெட்டியாக்கா?” என்றாள். அதுவும் பாதி உண்மை. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணி பிடித்திருக்கிறது, கடைசியைப் பிடிக்க ஆளில்லை. அரிசி மூட்டை வாயில் சரியான நுனியை இழுத்தால் சரசரவென்று அவிழ்கிறதே, அது செயின் தையல்தான். அதனால் முடிக்கும் இடத்தில் கட்டு வைக்காமல் நான் எந்த ஃபைலையும் மூடுவதில்லை.

ஓரத்துக்கு முதலில் செயின், பிறகு உள்ளே லூப். வரப்பு போட்டுவிட்டு நீர் பாய்ச்சுகிற கணக்கு. செயின் இல்லாத ஓரத்தில் வளையங்கள் வெளியே சாயும், எழுத்து ஊதிப்போகும்.

மார்ச் 6, வியாழன்

லூதியானாவிலிருந்து வெள்ளை அக்ரிலிக் நூல் வரவில்லை. ஸ்டாக்கில் கிரீம்தான் இருக்கிறது. வேறு வேலை பார்த்தேன்.

மார்ச் 8, சனி

பழைய கைமெஷின் வைத்திருக்கும் பெரியவரைப் பார்க்கப் போனேன். ஒற்றைத் தலை, மேசைக்கு அடியில் கைப்பிடி. அதைத் திருப்பும் பக்கமெல்லாம் துணி போகிறது, கொக்கியும் கூடவே திரும்புகிறது. துணியை அவர் தொடுவதே இல்லை. “கோட்டைப் பாத்துட்டே போ அம்மிணி, கைய நெனைக்காதே” என்றார். சாதாரண மூலைகூட எனக்கு வளைந்துகொண்டு போனது.

இந்தக் கைப்பிடி ஏற்பாடு 1860களில் அந்துவான் பொன்னா என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது. பாரிஸில் கோர்னெலி என்பவர் அதைத் தயாரித்து விற்றார். அதற்கும் முன்னால், 1830இல் பேட்டன்ட் வாங்கிய தீமோனியே என்பவரின் தையல் மெஷினும் கொக்கி ஊசி, செயின் தையல்தான். ராணுவ உடை தைத்துக்கொண்டிருந்த அவருடைய மெஷின்களை, பிழைப்பு போய்விடும் என்று பாரிஸ் தையல்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினார்கள்.

கொக்கி ஊசி வேலை ஐரோப்பாவுக்குக் கீழை நாடுகளிலிருந்து போனது. நம் ஊரில் கல்யாணப் பிளவுஸுக்குப் போடும் ஆரி வேலையைப் பார்த்தால் மெஷின் முழுதும் அதில் இருக்கிறது. மேலே வலதுகை ஊசியைக் குத்துகிறது. சட்டத்துக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், இடதுகை நூலை மாட்டிவிடுகிறது. லூப்பர் அந்த இடதுகை. இதைப் பெரியவரிடம் சொன்னேன். “பின்னே?” என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

நூல் வந்தது, ஓட்டினோம். லூப்பை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வரவிட்டிருந்தேன். கால்களில் அழகாக விழுந்தது. உச்சிக் கூர்மையில் மட்டும் வளையங்கள் முட்டி மோதி மேடு தட்டின. அங்கே இடைவெளியைக் கூட்டினேன். ஊசியின் உயரத்தையும் கொஞ்சம் இறக்கச் சொன்னேன்; உயரம் குறைந்தால் வளையமும் குட்டையாகும். ஆபரேட்டர் தம்பிக்கு அதில் இஷ்டமில்லை. குட்டை லூப்பில் ஃபெல்ட்டின் சிவப்பு தெரியும் என்றான். அவன் சொன்னது சரி. உயரத்தை விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பின்பக்கம் பசை ஃபிலிம் வைத்து ஹீட் பிரஸ். அதற்குப் பிறகுதான் ஒரு வளையத்தை நகத்தால் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பசைக்கு முன் இழுத்திருந்தால் ஒரு வரிசையே கையோடு வந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

சாம்பிள் ஓகே. கூடவே புதுக் கேள்வி: இதே ‘ஏ’யைத் தொப்பிக்கு ஒன்றரை அங்குலத்தில் போட முடியுமா? அந்த அளவில் நடு முக்கோணத்தை லூப் மூடிவிடும். எழுத்து முழுதும் செயின், நெருக்கமான வரிசைகள், மெல்லிய நூல், லூப் வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். பையன் உடனே போன் செய்தான். மெத்துன்னு இருக்காதே என்கிறான். இருக்காதுதான்.