வீட்டிலும் சொல்லக்கூடாத வேலை

ஐந்து வருட சட்டப் படிப்பு படிக்கிறவர்கள் குறைந்தது 20 வாரங்கள் வக்கீல் அலுவலகம், நீதிமன்றம் போன்ற இடங்களில் பயிற்சி எடுத்தாக வேண்டும். மூன்று வருடப் படிப்பு என்றால் 12 வாரங்கள். இது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008-ம் ஆண்டு விதி. ஒரே மூச்சில் முடித்துவிடவும் முடியாது. எந்த வருடத்திலும் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் கூடாது. சம்பளம் பெரும்பாலும் கிடையாது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் சொந்தப் பொறுப்பு.

சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மூன்றாம் வருட மாணவிக்கு, சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு சீனியரின் அலுவலகத்தில் அந்த நான்கு வாரங்கள் கிடைத்தன. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத குறுகலான மாடிப்படி. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அப்பா தையல் கடைக்காரர்.

முதல் வாரம் முழுக்க அவள் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. கேஸ் கட்டுகளுக்குப் பக்க எண் போட்டாள், நகல் எடுத்தாள், ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்தாள். "பாப்பா, பக்க எண் மாறிப்போச்சுன்னா ஃபைலிங்ல திருப்பி அனுப்பிடுவாங்க" என்று முப்பது வருட அனுபவமுள்ள குமாஸ்தா சொல்லிக்கொடுத்தார். எந்தப் பேப்பர் எங்கே போகும், எந்த செக்‌ஷனில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை.

இரண்டாவது வாரம், மெஸ் நடத்தும் ஒரு பெண் மஞ்சள் பையோடு வந்தார். அரிசிக்கு முன்பணமாக மூன்று லட்ச ரூபாய் கொடுத்திருந்தார். சரக்கு வரவில்லை. பணத்தைத் திருப்பித் தர மண்டிக்காரர் கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. "இதோ தர்றேன், அதோ தர்றேன்னு போன்லயே நாளக் கடத்திட்டாரும்மா" என்றார். பேப்பர்களைப் பார்த்து தேதிவாரியாக ஒரு குறிப்பு எழுதச் சொன்னார் சீனியர்.

செக் கேஸில் தேதிதான் உயிர். மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-ன் 138-வது பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் கேஸே கிடையாது. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம்.

மாணவி விரல் விட்டு எண்ணினாள். 26 நாட்கள் ஓடியிருந்தன. செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்ததால், மறுபடி பேங்கில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. மீதி நான்கே நாள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை.

அப்போதுதான் செக்கில் இருந்த பெயரைக் கவனித்தாள். அவள் ஊர்க்காரர். முதல் வருடம் ஹாஸ்டல் கட்டணத்துக்குப் பணம் குறைந்தபோது, அப்பாவிடம் 15,000 ரூபாயைக் கைமாற்றாகக் கொடுத்த அதே மண்டிக்காரர். அந்தக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. நன்றி மட்டும் வீட்டில் அப்படியே இருந்தது.

குறிப்பை எழுதி முடித்து சீனியரிடம் கொடுத்தாள். "சார், நாலு நாள்தான் இருக்கு. இன்னொரு விஷயம், இவரை எனக்குத் தெரியும். எங்க குடும்பத்துக்கு உதவி பண்ணவர்."

சீனியர் கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னது நல்லதும்மா. இந்தக் கட்டை இனிமே நீ தொட வேண்டாம். வீட்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

நோட்டீஸை ஜூனியர் ஒருவர் தயாரித்தார். அன்று மாலையே குமாஸ்தா அதைத் தபாலில் சேர்த்து ரசீதோடு வந்தார்.

கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இது உண்டு. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் உண்டு. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்தே அந்தக் கட்டுப்பாடு. இதைப் பரீட்சையில் எழுதி அவள் மார்க் வாங்கியிருந்தாள்.

அடுத்த வாரம் அம்மா போன் செய்தார். "கண்ணு, மண்டிக்காரருக்கு மெட்ராஸ்லருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்காமா. மனுஷன் இடிஞ்சு போய் உக்காந்திருக்காரு. நீ அங்கதான இருக்கற, உங்க சார்கிட்ட கேட்டு ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாரேன்."

தன் அலுவலகத்திலிருந்து போன நோட்டீஸ் என்று சொல்ல முடியாது. தெரியாது என்று பொய் சொல்லவும் மனமில்லை. "ஆபீஸ்ல நான் எதுவும் கேக்க முடியாதும்மா. நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காம, உடனே ஒரு வக்கீலைப் பாக்கச் சொல்லு" என்றாள். "நமக்கு உதவுன மனுஷன் கண்ணு" என்றார் அம்மா. அவள் பதில் பேசவில்லை. "படிக்க வச்சதுக்கு நல்லா பேசற" என்று போனை வைத்துவிட்டார். மூன்று நாட்கள் அம்மாவிடமிருந்து அழைப்பே வரவில்லை.

நான்காவது நாள் அப்பா பேசினார். "நீ சொல்லலைன்னா ஏதோ காரணம் இருக்கும். நானே அவரை ஆத்தூர் கோர்ட்ல ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனேன்" என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் அவள் வெகு நேரம் நின்றிருந்தாள்.

மண்டிக்காரர் பணத்தைக் கட்டினாரா, மெஸ் அம்மாவுக்கு மூன்று லட்சம் கிடைத்ததா என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் கட்டு இருந்த அலமாரிப் பக்கம் அவள் போகவில்லை. நான்கு வாரம் முடிந்ததும் அலுவலகம் தந்த சான்றிதழில் வருகை நாட்கள் மட்டும் இருந்தன.

உங்கள் வீட்டிலும் சட்டம் படிக்கிற பிள்ளை இருக்கலாம். பயிற்சி முடிந்து வரும்போது "இன்னிக்கு யார் கேஸ், என்ன கேஸ்?" என்று கேட்கத் தோன்றும். அவர்கள் பதில் சொல்லாவிட்டால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆத்தூர் தையல்காரர் இப்போது மகளிடம் போனில் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார். சாப்பிட்டாயா? இன்று கோர்ட்டில் புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்? இரண்டுக்குமே அவளால் தாராளமாகப் பதில் சொல்ல முடிகிறது.