நாள் எண்ணிய தாய்

பிள்ளைகளே, ஒருவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதுமே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். வழக்கு நடக்கும் காலத்தில் ஒருவனை நீதிமன்றக் காவலில் வைப்பதுதான் ரிமாண்ட். தண்டனை அல்ல அது.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. வக்கீலாக அந்தச் சில நிமிடங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பின்னால் நிற்கும் போலீஸ்காரரை நினைத்துக்கொண்டு, "இல்லீங்கய்யா" என்று பையன் தலைகுனிவான். அது பதிவாகிவிட்டால் பிறகு காயத்தைக் காட்டினாலும் நம்பவைப்பது பெரும்பாடு. பொறுமை பெரிய குணம்தான். அடியை மறைப்பது பொறுமையில் சேராது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றாலும் அங்கேயே சொல்லுங்கள். இலவச சட்ட உதவி ரிமாண்ட் நேரத்திலேயே கிடைக்கும். 2020இல் சாத்தான்குளத்தில் கைதாகி, போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்ட் உத்தரவில் மாஜிஸ்திரேட் போடும் கையெழுத்தின் கனம் அன்று நாட்டுக்கே தெரிந்தது.

பைக் திருட்டு வழக்கில் மகன் உள்ளே போன ஒரு தாயை நினைக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவர். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல், நூலில் கட்டிச் சுருக்குப் பையில் சேர்த்துவந்தார். அத்தகைய வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமை என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். "ஐயா, இன்னியோட அறுபது" என்று ஒரு மாலை வந்து நின்றார். மறுநாள் காலையிலேயே மனுப் போட்டோம், ஜாமீன் கிடைத்தது. அழுதுகொண்டு காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். இவர் கணக்கோடு காத்திருந்தார்.

கொலை போன்ற பெரிய வழக்குகளுக்கு இந்தக் கெடு 90 நாள். மனுப் போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும். பிறகு வழக்கின் தன்மையைச் சொல்லித்தான் ஜாமீன் கேட்க வேண்டும். ஆகவே உங்களுக்கு வேண்டியவர் யாராவது உள்ளே போனால், ரிமாண்ட் ஆன தேதியை முதலில் எழுதி வையுங்கள். அந்த நாளையும் சேர்த்தே எண்ணுங்கள்.