சுவருக்கு அந்தப் பக்கம் தறி

கதவு நிலையின் உள்ளளவு 58 சென்டிமீட்டர். வாங்க நினைத்திருக்கும் வாஷிங் மெஷினின் அகலம் 60. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிளம்பர், வாசலில் நின்ற வீட்டம்மாவிடம், "அக்கா, நிலையப் பேக்கணும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. வேற வழி இருக்கு" என்றார்.

முள்ளிப்பட்டு, ஆரணியை ஒட்டிய நெசவாளர் ஊர். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஊர்களின் வீட்டுக் கூடங்கள் இருக்கின்றன. அந்த வீட்டிலும் முன்கூடம் முழுக்கத் தறிக்குத்தான். நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். கூடத்தை அடுத்து, மாடிப்படிக்கு அடியில், 4 அடிக்கு 6 அடியில் ஒரு குளியலறை. மாடியில் புதிதாக ஒன்று கட்டிய பிறகு இது பழைய வாளிகள் கிடக்கும் இடமாகிவிட்டது. அதைத்தான் துணி துவைக்கும் அறையாக மாற்றுகிறார்கள். தறியைப் பார்க்கப் போன நான் அந்தப் பத்து நாளில் பெரும்பாலும் அந்தச் சின்ன அறையின் வாசலிலேயே நின்றிருந்தேன்.

வாஷிங் மெஷின் வசதிக்காக என்றுதான் முதலில் தோன்றியது. காரணம் வேறு. ஊடைக்குத் தார் சுற்றுவது வீட்டம்மாவின் வேலை. மெல்லிய பட்டிழை அவர் விரல்களுக்கு நடுவே ஓடித்தான் தார்க்குச்சியில் ஏறுகிறது. "சோப்புத்தூள்ல ஊறி ஊறி விரலு சொரசொரன்னு ஆயிடுதுங்க. இழை அதுல மாட்டிக்கும். அறுந்தா முடி போடணும், முடி போட்டா சேலையில தெரியும்" என்று கையை விரித்துக் காட்டினார். கொல்லைப்புறத்துத் துவைகல்லில் துவைத்த கையோடு உட்கார்ந்து அதே கையால் தார் சுற்றுவது, இத்தனை வருடம் அவர் சொல்லாமல் பட்ட பாடு. நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் தறியில் உட்காருபவரைத்தான் எழுதுகிறார்கள். இந்த விரல்களைப் பற்றி அதிகம் எழுதியதில்லை.

நிலை விஷயத்துக்கு வருவோம். முன்கதவு மெஷின்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் உயரம். ஆனால் சிறிய மாடல்களில் முன்பின் ஆழம் 50-க்கும் குறைவு. பக்கவாட்டில் திருப்பினால் 58 சென்டிமீட்டர் நிலைக்குள் நுழைந்துவிடும். உள்ளே போய்த் திருப்பிக்கொள்ளலாம். இதை வாயால் சொல்வதோடு பிளம்பர் நிற்கவில்லை. கொல்லையில் கிடந்த மூங்கில் பட்டைகளைக் கயிற்றால் கட்டி, மெஷின் அளவிலேயே ஒரு கூடு செய்தார். அதை உள்ளே கொண்டுபோய், திருப்பி, படிக்கட்டுச் சரிவில் இடிக்கிறதா என்று பார்த்து, வெளியே எடுத்தார். மேலே மூடி திறக்கும் மாடல் ஏன் வேண்டாம் என்பதும் அந்தக் கூட்டை வைத்தபோதுதான் எல்லோருக்கும் புரிந்தது: படியின் சரிவு மூடியைத் தூக்க விடாது.

மேஸ்திரியின் கவலை கதவில் இல்லை. குளியலறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர். கீழே ஓரடி உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்திருந்தது. அவர் விரலால் சுரண்டினார். பூச்சு மாவாக உதிர்ந்தது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தறிக்குழி.

குழித்தறிக்கு ஈரம் முழுப் பகை அல்ல. காற்று அதிகம் வறண்டால் பாவிழை அறும். குழியில் தங்கும் லேசான குளிர்ச்சி இழைக்கு நல்லது என்பது நெசவாளர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்தது. ஆனால் அது மண்ணின் குளிர்ச்சி. சுவர் வழியே கசிந்து இறங்கும் தண்ணீர் வேறு. மரச்சட்டம் உப்பும், ஜக்கார்டு அட்டை ஈரத்தில் நெகிழ்ந்து துளை பிசகும், சரிகை கறுக்கும். "எனக்கு மெஷின் வந்தாலும் சரி, வராட்டியும் சரி மேஸ்திரி. இந்தச் சுவரு மட்டும் காய்ஞ்சிருக்கணும்" என்று நெசவாளர் குழிக்குள்ளிருந்தே சொன்னார். கை நாடாவை விடவில்லை.

மூன்றடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். சித்தாள் அம்மா கம்பித் தூரிகையால் செங்கல்லைத் தேய்த்துக் கழுவினார். சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் தண்ணீர் முதலில் வழி கண்டுபிடிக்கும் என்பதால், அங்கே கலவையை வைத்துக் கைவிரலால் வளைவாக வழித்துவிட்டார் மேஸ்திரி. அதன் மேல் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று, ஒன்றுக்குக் குறுக்காக மற்றது. இந்த இடத்தில் அவர் யாரையும் அவசரப்படுத்த விடவில்லை. முதல் கை காயும்வரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். வீட்டுக்காரர் பையன், "சாயங்காலமே ரெண்டாவது கை அடிச்சிடலாமே" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

பிறகு வாட்டம். பழைய தரையின் வாட்டம் கதவை நோக்கி, அதாவது தறியை நோக்கி இருந்தது. தரையை உடைத்து, பின்சுவர் ஓரமாக டிராப் வைத்து, 6 அடிக்கு முக்கால் அங்குலம் இறக்கம் கொடுத்தார்கள். டிராப் என்பது வெறும் ஓட்டை அல்ல. அதன் வளைவில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். முன்பு அங்கே இருந்தது சுவரில் ஒரு தூம்பு மட்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு அது போதும். மெஷினின் பம்போ தொட்டியில் இருப்பதை ஓரிரு நிமிடத்தில் தள்ளிவிடும். குழாய் ஒடுக்கமாக இருந்தால் தண்ணீர் திரும்பி அறைக்குள்ளேயே நிற்கும். அதனால் மூன்று அங்குல பைப். மெஷினின் கழிவுக் குழாயைத் தரையிலேயே போட்டுவிடக்கூடாது என்றும் பிளம்பர் சொன்னார். இரண்டடிக்கு மேலாவது உயர்த்திச் செருக வேண்டும். இல்லையென்றால் மெஷின் நிரப்ப நிரப்பத் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும்.

தரையும் பூச்சும் முடிந்த பின், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், டிராப்பை அடைத்து அறையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தினார்கள். சுவரில் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டார் மேஸ்திரி. பக்கத்திலேயே ஒரு தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதிலும் ஒரு கோடு. எதற்கு என்று கேட்டேன். "வெயில் காலம் சார். தண்ணி தானா ஆவியாப் போறது எவ்வளவு, கசிஞ்சு போறது எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டும் ஒரே அளவு இறங்கினா கசியலைன்னு அர்த்தம்." இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோது இரண்டு கோட்டுக்கும் கீழே ஒரே அளவுதான் இறங்கியிருந்தது. நெசவாளர் தன் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை, மெதுவாக.

வாட்டம் உள்ள தரையில் மெஷினை வைக்க முடியாது. அது ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும். எனவே நாலு அங்குல உயரத்தில் கான்கிரீட் மேடை. அதைத் தறிக்கூடத்துச் சுவரோடு சேர்த்துப் போடாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டார்கள். துணி பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்த அதிர்வு சுவரில் ஏறி ஜக்கார்டு பெட்டியைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

தண்ணீரின் அழுத்தம் தனிக் கணக்கு. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடி மேல் தொட்டி என்பதால் இங்கே சுமார் 7 மீட்டர். 0.5 பார் போதும் என்று கையேட்டில் போட்டிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கச் சொன்னார் பிளம்பர். போர் தண்ணீர் உப்பு என்பதால் குழாய் முகப்புச் சல்லடையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

எலக்ட்ரீஷியன் அரைநாளில் முடித்தார். தண்ணீர் சூடாக்கும் மெஷின் 2000 வாட்; 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பழைய 6 ஆம்பியர் பிளக் தாங்காது, 16 ஆம்பியர் வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி. பிரிட்டனில் ஷவரிலிருந்து 2.5 மீட்டருக்குள் சாதாரண சாக்கெட் வைக்கவே விதி விடுவதில்லை. அங்கே பல வீடுகளில் வாஷிங் மெஷின் சமையலறையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த அறையில் இனி யாரும் குளிக்கப்போவதில்லை என்று வீட்டாரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவர் சுவரில் காடி எடுத்தார். கொல்லையில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி வறண்டிருந்தது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு டெஸ்ட் பண்ணினார்.

மெஷின் வந்த அன்று வீட்டம்மா ஒரு சட்டம் போட்டார். பட்டு இந்த அறைக்குள் வரக்கூடாது. ஈரத்தில் உரசினால் பட்டிழை நுனி பிரிந்து வெளுக்கும். சலவைத் தூள்கள் பலவற்றில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் உண்டு, பட்டும் புரதம்தான். அவருக்கு என்சைம் என்ற சொல் தெரியாது. காரமான சோப்பில் பட்டு செத்துப்போகும் என்பது அவர் மாமியார் காலத்திலிருந்தே தெரியும்.

பின்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி, நாலு காலையும் திருகி மட்டம் பார்த்து, சோதனைக்கு நாலு போர்வையைப் போட்டார்கள். கடைசிப் பிழிதல் தொடங்கும் நேரத்தில் மேஸ்திரி ஒரு சொம்பில் விளிம்புவரை தண்ணீர் எடுத்து, தறிக்கூடத்தில் சுவரோரமாகத் தரையில் வைத்தார். நெசவாளர் மிதியை நிறுத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம் முனகி வேகமெடுத்தது. சொம்புத் தண்ணீரின் முகத்தில் மெல்லிய வளையங்கள் எழுந்தன. வேகம் ஏறி நிலைத்ததும் அடங்கின. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நெசவாளர் சொம்பைப் பார்த்தார், மேலே அட்டை மாலையைப் பார்த்தார், நாடாவை எடுத்து எறிந்தார். வீட்டம்மா தார்க்குச்சிகள் இருந்த கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.